கயிறு வெள்ளைச்சாமியும் டேவிஸ் கோப்பையும்

நெய்வேலியில் வெள்ளைச்சாமி வீடு எது என்று கேட்டால், எந்த வெள்ளைச்சாமி என்று திருப்பிக் கேட்பார்கள். சாத்தூர்ப் பக்கமிருந்தும் மதுரைப் பக்கமிருந்தும் சுரங்க வேலைக்கு வந்தவர்களில் வெள்ளைச்சாமிகளுக்குப் பஞ்சமில்லை. 'கயிறு வெள்ளைச்சாமி' என்று கேளுங்கள். டீக்கடையில் உட்கார்ந்திருக்கிற நாலு பேரும் சிரித்துக்கொண்டே வழி சொல்வார்கள். அந்தச் சிரிப்புக்கு வயது இருபத்தைந்துக்கு மேல் ஆகிறது. நல்ல சிரிப்பாக இருந்திருந்தால் எப்போதோ ஓய்ந்திருக்கும். இந்த மாதிரிச் சிரிப்புக்குத்தான் ஆயுசு கெட்டி.

வெள்ளைச்சாமி சுரங்கத்தில் பெல்ட் பார்த்தவர். ராட்டினம் மாதிரிச் சக்கரம் வைத்த பெரிய எந்திரம் ஒரு கோடியில் மண்ணை வெட்டிப் போட, அது ரப்பர் பெல்ட்டில் ஏறி மைல் கணக்கில் ஓடும். பெல்ட்டின் ஓரமாகவே ஒரு கயிறும் கூடவே போகும். பெல்ட்டில் ஏதாவது கோளாறு கண்ணில் பட்டால் பக்கத்தில் நிற்கிறவன் அந்தக் கயிற்றைப் பிடித்து இழுக்க வேண்டும். இழுத்தால் பெல்ட் நிற்கும், பெல்ட் நின்றால் பெரிய எந்திரமும் நிற்கும், எந்திரம் நின்றால் மேலே இருப்பவர்கள் எல்லாருக்கும் மூச்சு நிற்கும். அதனால் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். பெல்ட் மறுபடி ஓட வேண்டுமானால், கயிற்றை இழுத்தவன்தான் போய் விழுந்த சுவிட்சை எடுத்துவிட வேண்டும். இழுத்தவன்தான் கண்ட்ரோல் ரூமுக்கு போன் போட்டு, 'இன்னார் பேசறேன், கயிறு இழுத்தது நான்தான்' என்று சொல்ல வேண்டும். இழுத்துவிட்டு நழுவுகிற கதையெல்லாம் அங்கே நடக்காது.

ஒரு மாதம் அவருடைய ஷிப்ட் மண் வெட்டுவதில் எல்லா ஷிப்டையும் முந்திக்கொண்டிருந்தது. ஜெயித்தால் ஆளுக்கொரு எவர்சில்வர் டிபன் கேரியர், பெயர் வெட்டிக் கொடுப்பதாகப் பேச்சு. பெண்டாட்டிமார்கள் அதை வைக்க அலமாரியில் இடம்கூட ஒதுக்கியிருந்தார்கள். மாதத்தின் கடைசி நாள், சாயங்கால வெயிலில், வெள்ளைச்சாமி பெல்ட்டில் எதையோ பார்த்தார். சக்கரத்தில் மண்ணைக் கவ்வுகிற இரும்புப் பல் ஒன்று கழன்று மண்ணோடு மண்ணாக வந்துகொண்டிருந்தது. அது எங்காவது குத்தி நின்றால் பெல்ட் வாழை இலை கிழிவது போல நீளத்துக்குக் கிழிந்துபோகும். வெள்ளைச்சாமி இழுத்துவிட்டார்.

எல்லாரும் ஓடி வந்து மண்ணைக் கிளறினார்கள். சோற்றில் கல் தேடுகிற மாதிரித் தேடினார்கள். பல்லும் இல்லை, பாக்கும் இல்லை. பெல்ட் மறுபடி ஓடுவதற்குள் ஷிப்ட் முடிந்துவிட்டது. டிபன் கேரியர் வேறு ஷிப்டுக்குப் போய்விட்டது.

"கண்ணு அவிஞ்சா போச்சு ஒனக்கு?" என்று அன்றைக்கு எல்லார் முன்னாலும் கத்தியவர் கொளஞ்சிநாதன். காடாம்புலியூர்க்காரர். இரண்டு பேரும் ஒரே வருஷத்தில் பெர்மனென்ட் ஆனவர்கள், டவுன்ஷிப்பில் ஒரே வட்டத்தில் அடுத்தடுத்த குவார்ட்டர்ஸில் குடியிருந்தவர்கள். 'கயிறு' என்று பெயர் வைத்ததும் கொளஞ்சிதான். அதற்காகச் சிநேகம் முறிந்ததா என்றால் அதுதான் இல்லை. வருஷா வருஷம் பலாப்பழம் கொண்டுவந்து, வெள்ளைச்சாமி வீட்டிலேயே உட்கார்ந்து, கையில் எண்ணெய் தடவிச் சுளை எடுத்துக்கொண்டே, "பாத்துய்யா, உள்ள பல்லு கில்லு இருக்கப் போவுது" என்பார். வெள்ளைச்சாமியும் சிரித்து வைப்பார். எடுத்துக் கொடுத்த சுளை தட்டிலேயே கிடக்கும்.

அதற்குப் பிறகுதான் அவருக்கு டென்னிஸ் பைத்தியம் பிடித்தது. ஷிப்ட் முடிந்தால் மற்றவர்கள் சீட்டாடவோ சினிமாவுக்கோ கிளம்புவார்கள். இவர் அந்தக் கூட்டத்தைத் தவிர்ப்பதற்காகவே சைக்கிளைச் சுற்றிக்கொண்டு ஆபீசர்கள் கிளப் பக்கமாகப் போவார். கம்பி வேலிக்கு வெளியே நின்று வெள்ளை டவுசர் போட்ட ஆபீசர்கள் பந்தடிப்பதைப் பார்ப்பார். அவர்கள் ஆட்டம் ஒன்றும் பிரமாதமில்லை. ஆனால் பந்து கோட்டுக்கு உள்ளேயா வெளியேயா என்று அவர்கள் போடும் சண்டை இவருக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. பெரிய படிப்புப் படித்தவர்களும் இந்த விஷயத்தில் நம்மைப் போலத்தான் என்று ஒரு ஆறுதல்.

அப்புறம் டிவியில் டேவிஸ் கோப்பை பார்த்தார். அதோடு ஆள் காலி. டென்னிஸ் ஆடுகிறவன் வருஷமெல்லாம் ஊர் ஊராகத் தன் பெயருக்கு ஆடுகிறவன். இந்த ஒரு போட்டிக்கு மட்டும் நாட்டுச் சட்டையைப் போட்டுக்கொண்டு வருகிறான். ஆடும்போது தனியாள், தோற்றால் மட்டும் எல்லாருக்கும் தோல்வி. பெல்ட் ஓரத்தில் தனியாக நின்றவருக்கு இது புரியாமலா போகும்? அந்தப் போட்டி வந்தால் யார் காலிலாவது விழுந்து ஷிப்ட் மாற்றிக்கொள்வார்.

ரிட்டயர்மென்ட் விழாவில் மாலையைப் போட்டு இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். யாருக்கும் நன்றி சொல்லவில்லை மனிதர். "நம்ம நாடு ஒரு தடவை டேவிஸ் கோப்பையில இறுதிப் போட்டிக்கே போச்சு. எதிர்ல தென்னாப்பிரிக்கா. கறுப்பன் வெள்ளைக்காரன்னு மனுசனப் பிரிச்சு வெச்ச நாட்டோட ஆட மாட்டோம், கோப்பையே வேண்டாம்னு விட்டுட்டாங்க. ஜெயிக்கிறவன் ஆயிரம் பேரு இருப்பான்யா. இப்படி விடுறதுக்கு யாருக்கு மனசு வரும்?" என்று முடித்துவிட்டு உட்கார்ந்தார். நாலு பேர் கைதட்டினார்கள். மற்றவர்கள் பிரியாணிப் பொட்டலம் எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு பக்கத்து ஊரான வடக்குத்தில் சின்னதாக ஒரு வீடு கட்டிக்கொண்டார். மனைவி சுப்புலட்சுமி, ஒரே மகள் உமாராணி. மகளைச் சின்ன வயதிலேயே கோடைக்காலப் பயிற்சியில் சேர்த்து டென்னிஸ் மட்டையைக் கையில் கொடுத்தவர் அவர்தான். பிள்ளை பல்கலைக்கழகம் வரைக்கும் ஆடியது. அதற்கு மேல் போகவில்லை. வெள்ளைச்சாமி மனசு உடைந்துபோனார். உமாராணி உடையவில்லை. பண்ருட்டிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர் ஆனாள். அதோடு நிற்காமல் நடுவர் பரீட்சையும் எழுதி, கோட்டு நடுவர் ஆனாள்.

"அதுல நீ எப்பம்மா ஆடுவ?" என்று கேட்டாள் சுப்புலட்சுமி.

"ஆட மாட்டேம்மா. கோட்டைப் பாத்துக்கிட்டு நிப்பேன்."

"கோட்டப் பாக்கவா இம்புட்டுப் படிச்ச?"

வெள்ளைச்சாமி குறுக்கே விழுந்து, கோட்டு நடுவர் இல்லாவிட்டால் டென்னிஸே இல்லை என்று அரை மணி நேரம் விளக்கினார். சுப்புலட்சுமி பாதியிலேயே எழுந்து அரிசி களையப் போய்விட்டாள்.

அப்படிப்பட்ட வீட்டுக்கு ஒரு நாள் சேதி வந்தது. சென்னையில் டேவிஸ் கோப்பை ஆட்டம். நாற்காலியில் உயரே உட்காரும் நடுவர் வெளிநாட்டுக்காரர். கோட்டு நடுவர்கள் உள்ளூர்க்காரர்கள். அதில் உமாராணியும் ஒருத்தி. வெள்ளைச்சாமி அன்றைக்கு மெயின் பஜாரில் பார்த்தவர்களுக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்தார். எத்தனையோ வருஷத்துக்கப்புறம் அன்றைக்குத்தான் ஜனங்கள் அவரைப் பார்த்துச் சிரித்ததில் கேலி இல்லை. "எங்க கயிறு பொண்ணு டேவிஸ் கோப்பைக்குப் போவுதுடா" என்று கொளஞ்சிநாதனே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு ஒரு வேன் பிடித்தார்கள். பழைய ஷிப்ட் ஆட்களும் வீட்டுக்காரம்மாக்களும் ஏறிக்கொண்டார்கள். கொளஞ்சி ஒரு விசில் வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்தார்.

நுங்கம்பாக்கம் மைதானத்தில் அன்றைக்குக் கூட்டம் நெரிந்தது. எதிரணி ஐரோப்பாவில் ஒரு நாடு. பெயரைச் சொன்னால் வெள்ளைச்சாமிக்கு இன்றைக்கும் வயிறு எரியும், விட்டுவிடலாம். நாலு ஆட்டம் முடிந்து இரண்டுக்கு இரண்டு என்று நின்றது. ஐந்தாவது ஆட்டம்தான் முடிவு. அதற்குத்தான் உமாராணி உள்ளே வந்தாள். நீலச் சட்டை, தொப்பி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வரிசையில் நடந்து வந்து, சர்வீஸ் போடுகிறவன் நிற்கும் பின்கோட்டுக்கு நேராகப் போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். நெய்வேலிக் கூட்டம் அவளுக்குப் பின்னால், சில வரிசை தள்ளி. கொளஞ்சி விசிலடித்துக் கையாட்டினார். அவள் திரும்பவில்லை.

"ஏன்யா, புள்ளைக்குக் காது கேக்கலியா?"

"திரும்பக் கூடாதுய்யா. கையாட்டக் கூடாது, சிரிக்கக் கூடாது, கைதட்டக் கூடாது. அவளுக்கு இப்ப நாடு கெடையாது, கோடுதான்" என்றார் வெள்ளைச்சாமி. அப்படிச் சொல்லும்போது நெஞ்சு கொஞ்சம் விரிந்துதான் போயிற்று.

ஆட்டம் சூடு பிடித்தது. ஆளுக்கொரு செட் எடுத்து, கடைசியான மூன்றாவது செட்டில் நாலுக்கு நாலு. நம் பையன்தான் சர்வீஸ் போடுகிறான், உமாராணி உட்கார்ந்திருந்த பக்கத்திலிருந்து. இந்தப் புள்ளி போனால் சர்வீஸே போச்சு, அது போனால் கோப்பைக் கனவே போச்சு. கொட்டு மேளமெல்லாம் நின்றுவிட்டது. வெள்ளைச்சாமி சுப்புலட்சுமியின் கையைப் பிடித்திருந்தார். பிடித்த பிடியில் வளையல் நசுங்கியது. முதல் சர்வீஸ் வலையில் போய் விழுந்தது. இன்னும் ஒன்றுதான் பாக்கி. பையன் பந்தைத் தூக்கிப் போட்டு அடித்தான். அருமையான அடி. எதிராளியின் மட்டைக்கு எட்டாமல் பந்து பறந்துபோயிற்று. கூட்டம் எழுந்து குதித்தது.

உமாராணியின் கை உயர்ந்திருந்தது. "ஃபுட் ஃபால்ட்!"

சர்வீஸ் போடுகிறவன் பந்தை அடிக்கும் முன் கோட்டை மிதிக்கக் கூடாது. மிதித்தால் அந்தச் சர்வீஸ் செல்லாது. இது இரண்டாவது சர்வீஸ் என்பதால் புள்ளி எதிராளிக்கு. பந்து விழுந்த இடத்தை ஆயிரம் கண் பார்த்திருக்கும். காலைப் பார்த்த கண் அவளுடையது ஒன்றுதான். பையன் மட்டையைத் தரையில் போட்டுவிட்டு இரண்டு கையையும் விரித்தான். மைதானம் முழுக்க ஊளையிட்டது.

அந்த ஊளைக்கு நடுவில் ஒரு குரல் கிழித்துக்கொண்டு எழுந்தது. "கண்ணு அவிஞ்சா போச்சு ஒனக்கு?"

வெள்ளைச்சாமியின் குரல். எழுந்து நின்று, கையை நீட்டி, கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினார். மகள் என்ற நினைப்பே அந்த நேரத்தில் அவருக்கு இல்லை. நாடு தோற்கப் போகிறது என்ற ஒரே நினைப்பு. சுப்புலட்சுமி அவர் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

"யாரப் பாத்துக் கேக்குறீங்க?" என்றாள்.

வெள்ளைச்சாமி உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகுதான் தான் கத்தியது தன் காதிலேயே விழுந்தது. வார்த்தைக்கு வார்த்தை அதே. அன்றைக்கு மண்ணைக் கிளறிக் கையை உதறிக்கொண்டு நின்ற கூட்டத்திலிருந்து தன் முகத்தில் வந்து விழுந்த அதே சொல். இத்தனை வருஷமாக அது தன்னைக் குத்துகிற சொல் என்றுதான் நினைத்திருந்தார். தன் வாய்க்குள்ளேயே குடியிருந்திருக்கிறது என்று தெரியாது. உமாராணி திரும்பவில்லை. முதுகு மட்டும் ஒரு தடவை நிமிர்ந்தது. கையைத் தொடையில் வைத்துக்கொண்டு கோட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

பிறகென்ன, இந்தியா தோற்றது.

மறுநாள் பள்ளிக்கூடம் என்பதால் உமாராணியும் வேனில்தான் திரும்ப வேண்டும். அவள் பையைத் தோளில் போட்டுக்கொண்டு படியேறினபோது உள்ளே நடந்த பேச்சு கத்தரித்த மாதிரி நின்றது. வா என்று ஒருவரும் சொல்லவில்லை. எல்லாருக்கும் திடீரென்று ஜன்னலுக்கு வெளியே பார்க்க ஏதோ கிடைத்துவிட்டது. அவள் நேராகப் போய் கடைசி சீட்டில் உட்கார்ந்துகொண்டாள். வெள்ளைச்சாமி முன் சீட்டில், டிரைவருக்குப் பின்னால். திரும்பிப் பார்க்கத் தைரியமில்லை.

தாம்பரம் தாண்டியதும் கொளஞ்சிநாதனால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை. "ஏம்மா உமா, கண்டும் காணாம வுட்டிருந்தா யாருக்குத் தெரியப் போவுது? நம்ம நாட்டுப் புள்ளைதான அவன்?" என்றார். குரலில் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம். "அப்பனப் போலவே பொண்ணு" என்று யாரோ முனகினார்கள். கொளஞ்சி சிரித்தார். வேன் முழுக்கச் சிரித்தது. பழைய சிரிப்பேதான். இப்போது அதற்கு இரண்டு பேர் கிடைத்துவிட்டார்கள்.

வெள்ளைச்சாமிக்கு உள்ளே ஏதோ அறுந்தது. தன்னைப் பார்த்துச் சிரித்தபோதெல்லாம் தாங்கிக்கொண்டவருக்கு இதைத் தாங்க முடியவில்லை. ஆனால் யார்மேல் கோபப்படுவது? இவர்கள் வேனுக்குள் சிரிக்கிறார்கள். அவர் ஆயிரம் பேர் நடுவில் கத்தினவர். செங்கல்பட்டு வரைக்கும் அப்படியே உட்கார்ந்திருந்தார். கயிற்றை இழுத்தவன்தான் போய் எடுத்துவிட வேண்டும், வேறு ஆள் போய் எடுக்க முடியாது. அது அவருக்குத் தெரியும். அடுத்த வளைவில் எழுந்தார். ஓடுகிற வேனில் சீட்டுக் கம்பிகளை ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டு பின்னால் போனார்.

"தள்ளி உக்காரு" என்றார்.

உமாராணி பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"அப்படிக் கத்துனது நாந்தாம்மா" என்றார். கண்ட்ரோல் ரூமுக்குப் போனில் சொல்கிற அதே குரலில், எல்லார் காதிலும் விழும்படிதான் சொன்னார்.

"தெரியும்பா. அத்தன சத்தத்துலயும் உங்க கொரலு தனியாக் கேட்டுச்சு."

வெள்ளைச்சாமிக்குக் கண் கலங்கிவிட்டது. துடைத்துக்கொள்ளவில்லை. மன்னித்துக்கொள் என்ற வார்த்தை அவர் வீட்டில் புழங்கிப் பழக்கமில்லை. அதற்குப் பதிலாக ஒரு கேள்வி கேட்டார்.

"எந்தக் காலு?"

உமாராணி அவரைத் திரும்பிப் பார்த்தாள். மைதானத்தை விட்டு வந்ததிலிருந்து எத்தனையோ பேர் அவளிடம் எத்தனையோ சொல்லிவிட்டார்கள். என்ன பார்த்தாய் என்று கேட்டவர் இவர் ஒருத்தர்தான்.

"எடது காலுப்பா. அதுக்கு முன்னாடியே ரெண்டு மூணு தடவ ஒரசுற மாதிரி வந்துச்சு. சந்தேகமா இருந்துச்சு, விட்டுட்டேன். இந்தத் தடவ ஷூ முழுசா மேல ஏறிருச்சு. கோடே தெரியல." சொல்லச் சொல்ல அவள் குரல் உடைந்தது. "நானும் தான்ப்பா அவன் ஜெயிக்கணும்னு இருந்தேன்."

"பெறகென்ன. கோடே தெரியலன்னா வேற என்ன செய்ய முடியும்" என்றார். அவள் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார்.

வெளியே வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. அப்புறம் அவள் சாதாரணமாகத்தான் கேட்டாள்.

"அப்பா, அன்னைக்கு பெல்ட்ல நீங்க பாத்தது எப்படி இருந்துச்சு?"

வெள்ளைச்சாமி கையை நீட்டி முழங்கையைத் தொட்டுக் காட்டினார்.

"ஒரு முழம் இருக்கும். சக்கரத்துப் பல்லு. பாதி தேஞ்சது. மண்ணுக்குள்ள பாதி, வெளிய பாதியா சாஞ்சு வந்துச்சு. ஒரு பக்கம் புதுசா வெல்டிங் வெச்சிருந்தாங்க. வெயிலு பட்டு அது பளிச்சுன்னு அடிச்சுச்சு பாரு, கண்ணக் கூசிருச்சு. கயித்த இழுத்துட்டுத் திரும்பிப் பாத்தேன், மண்ணு அதுமேல சரிஞ்சு மூடிருச்சு."

முன்னால் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்த கொளஞ்சிநாதன் மெல்லத் திரும்பினார்.

"வெல்டிங்கா? இன்னாய்யா சொல்ற? இத்தினி வருசமா இதெல்லாம் நீ சொல்லவே இல்லியே."

"யாரும் கேக்கலையே" என்றார் வெள்ளைச்சாமி.

யாரும் சிரிக்கவில்லை. கொளஞ்சி கழுத்தில் தொங்கிய விசிலைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டார். கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து, தட்டுத் தடுமாறிப் பின்னால் வந்து, அவர்களுக்கு முன் சீட்டில் திரும்பி உட்கார்ந்தார்.

"அப்பறம்?" என்று கேட்டார்.

வெள்ளைச்சாமி முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார்.